கோழிக்குஞ்சுக்கு லேயர் தீவனம் போடாதீர்கள்

"குஞ்சு வாங்கிய நாளிலிருந்தே லேயர் தீவனம் போட்டால் சீக்கிரம் முட்டையிடும்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு; குஞ்சின் உயிருக்கே ஆபத்து.

லேயர் தீவனம் முட்டையிடும் கோழிக்கானது; அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். முட்டை ஓடு உருவாகாத வயதில் மிச்சக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யூரிக் அமில உப்பு வெளியேறாமல் இதயம், ஈரல் மேல் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படியும். வெளியே பெரும்பாலும் தெரிவது குஞ்சு சோர்ந்து நிற்பதுதான்.

முதல் 8 வாரம் ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்), பிறகு குரோயர் (வளரும் கோழித் தீவனம்), சுமார் 18 வாரத்தில் லேயர். மாற்றும்போது ஒரு வாரம் இரண்டையும் கலந்து போடுங்கள். முட்டையிடும் வயது இனம், வெளிச்சம், உடல் எடையைப் பொறுத்தது.

சந்தேகமிருந்தால் தீவன மூட்டை லேபிளில் கால்சியம் அளவைப் பாருங்கள், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தகவலை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.