##### வந்தால் டேட்டா போச்சா?

ஆரக்கிள் டேட்டாபேஸில் கட்டளை அடித்து டேட்டா பார்க்கும் எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் எடை காலத்தில் (column, அதாவது நெடுவரிசையில்) ##### என்று வந்தால் அந்த வரிசையின் டேட்டா கெட்டுவிட்டது, பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அதையே இன்னும் மூன்று பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அண்ணே, தப்பா நினைக்காதீங்க, டேட்டா அப்படியே பத்திரமாக இருக்கிறது. எண்ணைக் காட்ட இடம் போதவில்லை என்பதற்கான குறிதான் அந்த #.

'காலம் எடை ஃபார்மேட் 9999' என்று கொடுத்திருந்தால் நாலு இலக்கம்தான் காட்டும். 24500 கிலோ கன்டெய்னர் வந்தால் அரைகுறையாக 2450 என்று காட்டாமல் ##### போட்டுவிடும். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை. அந்த ஃபார்மேட் திரைக்கு மட்டும்தான், டேபிளைத் தொடாது.

நீங்களே பார்க்கலாம். 'காலம் எடை கிளியர்' என்று அடித்து, அடுத்த வரியில் வெறும் / போட்டு என்டர் தட்டுங்கள். கடைசியாக ஓட்டிய அதே குவெரி (டேட்டா கேட்கும் கட்டளை) மறுபடி ஓடும், 24500 வந்து நிற்கும். ஃபார்மேட்டைத் தொடப் பயமாக இருந்தால் செலக்ட் குவெரியில் எடைக்கு வேறு ஒரு அலியாஸ் (மாற்றுப் பெயர்) கொடுங்கள். ஃபார்மேட் பெயரைப் பார்த்துத்தான் ஒட்டும், புதுப் பெயருக்கு ஒட்டாது.

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த குடோன் ஆபீஸில் ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் இப்படி வந்து, பாதி நாள் அலைந்தோம். கடைசியில் பார்த்தால் அந்த மெஷினின் லாகின்.எஸ்க்யூஎல் ஃபைலில் (எஸ்க்யூஎல் பிளஸ் திறக்கும்போது தானாக ஓடும் ஃபைல்) யாரோ எப்போதோ போட்டு வைத்த ஃபார்மேட் வரி. ரீஸ்டோர் பண்ணுவதற்கு முன்னால் அந்த ஃபைலை ஒருதரம் திறந்து பாருங்கள்.