மூளையின் தீட்டா அலையை நடக்கவிட்டுத்தான் அளக்க வேண்டும்

எலி ஓடத் தொடங்கியதும் அதன் மூளையில், நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை ஏறி இறங்கும் மின் அலை எழுகிறது. தீட்டா எனப்படும் இந்த அலை எலி நடமாடும் வரை நிற்பதில்லை. மனிதரிடமோ அது விட்டுவிட்டு, பெரும்பாலும் நொடிக்கு 3 முறை என்ற மந்த வேகத்தில்தான் பதிவாகி வந்தது. இதை மட்டும் வைத்து, வழியறிய மனித மூளைக்கு இந்த அலை அவ்வளவாகத் தேவையில்லை என்று முடிவு கட்டுவது அவசரப்படுவதாகும் என்றே கருதுகிறேன். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை அசையாமல் இருந்தவர்களிடம் எடுக்கப்பட்டவை.

அதற்கும் காரணம் உண்டு. ஹிப்போகாம்பஸ் ஆழத்தில் இருப்பதால் தலைமேல் ஒட்டும் மின்முனைகளால் அதன் அலைகளைத் தெளிவாகப் பிடிக்க முடியாது. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டறிய மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டு, மருத்துவமனைக் கட்டிலில் காத்திருக்கும் நோயாளிகள் மனமுவந்து இசைந்ததால்தான் இந்த ஆய்வே நடக்கிறது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 1999இல் ஆய்வாளர் மைக்கேல் கஹானா குழுவினர் இத்தகையோரைக் கணினித் திரையில் சிக்கலான பாதைகளுக்குள் வழி தேடவைத்தபோது, பாதை நீண்டு சிக்கலாக ஆகத் தீட்டா அலை அடிக்கடி எழுந்தது. ஆனால் கண்முன் காட்சி நகர்ந்ததே தவிர, கால்கள் அசையவில்லை; உடலசைவை உணரும் உட்செவிக்கும் எந்த அசைவும் எட்டவில்லை.

2017இல் மூளை ஆய்வாளர் நாந்தியா சுதானா குழு வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வலிப்பைக் கட்டுப்படுத்தும் கருவி மண்டைக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தவர்கள் உண்மையாகவே நடந்தபோது, எலியினுடையதைப் போலவே நொடிக்கு ஏறத்தாழ 8 முறை என்ற அளவில் அலை எழுந்தது. வேகமாக நடக்கையில் அது இன்னும் அடிக்கடி எழுந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரிடம் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. எனினும் துண்டு துண்டாகவே வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடலசைவே எல்லாமும் அன்று. திரையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, இடையில் எந்தக் காட்சியும் இன்றித் தாவவைத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், தாவிய தூரத்துக்கு ஏற்ப ஹிப்போகாம்பஸின் மந்த வேக அலைகள் மாறின. ஆகவே நினைவிலிருந்து வருவது எது, காலிலிருந்து வருவது எது என்று பிரித்தறிய, ஒரே ஆளை அமரவைத்தும் நடக்கவைத்தும் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அல்சைமர் நோய் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. பழகிய வழி தடுமாறுவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. நாளை இந்த அலையைக் கொண்டு அந்நோயை முன்கூட்டியே அறிய முயல்வோர், அமர்ந்திருந்தவரிடம் எடுத்த அளவை இயல்பான அளவாக வைத்துக்கொண்டால், தெருவில் வழி தவறும் முதியவரின் மூளையில் என்ன குறைகிறது என்பது அவர்களுக்குப் பிடிபடாது.