எட்டு மணிக்கு மேல் வந்த கவர்

நேரத்துக்கு வந்து சேராத படைவீரர் தபால் வாக்குகளைப் பற்றிய அந்த டிவி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நேரத்துக்கு அனுப்பத் தெரியாதவன் ஓட்டை எண்ணலைன்னா என்ன குடி முழுகிப்போச்சு?" என்று கேட்டார் அதில் பேச வந்த ஒருவர். நெறியாளர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எல்லையில் நிற்கிறவனின் வாக்கைப் பற்றி இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

வாக்கு வைத்த அந்தத் தபால் கவர் லேட்டாக வருவது அனுப்பினவன் குற்றமே இல்லை. நாம் அவனுக்குக் கொடுக்கிற நாள் போதவில்லை.

"இப்பதான் எல்லாம் ஆன்லைன் ஆச்சே" என்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்குச்சீட்டு படைவீரருக்குப் போகிற வழிதான் ஆன்லைன். 2016 அக்டோபரில் அதற்காகத் தேர்தல் நடத்தை விதிகளில் 23-ஆம் விதியைத் திருத்தினார்கள். அடுத்த மாதமே நம்ம புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாக நடத்தியும் பார்த்தார்கள். ஆனால் வாக்கு திரும்பி வருவது காகிதமாக, தபாலில். அந்தப் பாதி வழி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகுதான் சீட்டே தயாராகும். படைப்பிரிவில் ஓடிபி, பின் நம்பர் எல்லாம் போட்டு அதை இறக்கி, பிரிண்ட் எடுக்க வேண்டும். நெட்வொர்க்கும் வேண்டும், பிரிண்டரும் வேண்டும், அந்தப் பிரிண்டரில் மையும் இருக்க வேண்டும். சீட்டில் டிக்கோ பெருக்கல் குறியோ போட்டு, சின்ன உறையில் வைத்து ஒட்ட வேண்டும். அதன் மேல் ஒட்டுவது 13பி படிவம். உறுதிமொழிப் படிவமான 13ஏ-வில் கையெழுத்துப் போட்டு, அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, சின்ன உறையோடு சேர்த்துப் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். பெரிய உறை மேல் 13சி. கை தவறி 13ஏ-வைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டால் அந்த வாக்கு போச்சு. பெரிய உறையைப் பிரித்ததும் உறுதிமொழி கையில் கிடைக்கவில்லை என்றால், சின்ன உறையைத் திறக்காமலே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது விதி.

இதையெல்லாம் சரியாகச் செய்த கவர் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையங்களில் ஒன்றிலிருந்து கிளம்ப வேண்டும். முன்னணிக் காவல்சாவடியில் தினமும் தபால்காரர் வந்து சைக்கிள் மணி அடிப்பதில்லை. பனியில் பாதை மூடினால் தபால் பை ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கும். வானிலை சரியில்லை என்றால் ஹெலிகாப்டரும் வராது. ரோந்துக்குப் போனவன் திரும்பி வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

அத்தனையும் தாண்டி வந்த கவர், எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் தேர்தல் அதிகாரி கைக்குப் போய்ச் சேர வேண்டும். 8 மணி தாண்டினால் அதே தேர்தல் நடத்தை விதிகளின் 54ஏ-படி அதைப் பிரிக்கவே கூடாது. மேலே நேரத்தைக் குறித்து, மற்றத் தாமதக் கவர்களோடு கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது ஒழுங்காகப் போட்ட, ஒழுங்காகச் சான்றொப்பம் வாங்கிய வாக்கு. பத்து நாள் முன்னாடியே தபாலில் சேர்த்ததாகவும் இருக்கலாம். யாருக்கும் அக்கறை இல்லை.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். இதைத்தான் அந்த மனிதர் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தல். ஒரே பங்கரில் இரண்டு பேர். ஒருவர் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். இன்னொருவர் பஞ்சாப் ஹோஷியார்பூர். தமிழ்நாட்டில் வேட்புமனு திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30, எண்ணிக்கை ஜூன் 4. நம்ம ஊர்க்காரருக்கு 66 நாள். பஞ்சாபில் வேட்புமனு வாபஸ் மே 17, வாக்குப்பதிவு ஜூன் 1, எண்ணிக்கை அதே ஜூன் 4. அவருக்கு 18 நாள். அதே பனி, அதே தபால் பை, அதே ஹெலிகாப்டர். பஞ்சாபும் இமாசலமும் படைக்கு எத்தனை பேரை அனுப்புகிற மாநிலங்கள்! இரண்டையும் கடைசிக் கட்டத்தில் வைத்தார்கள்.

நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் நமக்கும் இதுதான் நடந்தது. வாபஸ் மே 2, வாக்குப்பதிவு மே 16, எண்ணிக்கை மே 19. மொத்தம் 17 நாள். அப்போது சீட்டு போவதும் தபாலில், வருவதும் தபாலில்! அதே தேர்தலில்தான் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம். அங்கே சண்டை வேறு வகைத் தபால் வாக்குகளைப் பற்றியது, சான்றொப்பம் போட்டவர் தகுதியானவரா என்று. அது உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருஷக்கணக்கில் இழுத்தது.

"நாலு கவருக்காக இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்கள் 2024 மும்பை வடமேற்கைப் பார்க்கட்டும். இயந்திர வாக்கில் ஒருவர் 1 வாக்கு முன்னிலை. தபால் வாக்கைச் சேர்த்ததும் மற்றவர் 48 வாக்கில் ஜெயித்தார். சட்டமன்றத் தொகுதி இன்னும் சின்னது. 2021-இல் தியாகராய நகர் வித்தியாசம் 137.

வாக்குப்பதிவு நாளுக்குள் தபாலில் சேர்த்த கவர் 8 மணிக்குப் பிறகு வந்தாலும் எண்ண வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. "அப்போ முடிவு தெரிய வாரக்கணக்கில் காத்திருக்கணுமா?" வேண்டாம். எத்தனை சீட்டு அனுப்பினோம், எத்தனை திரும்பி வந்தது என்பது அதிகாரியிடம் கணக்காக இருக்கிறது. வெற்றி வித்தியாசம் வராத கவர்களைவிட அதிகமா? அன்று சாயங்காலமே அறிவித்துவிடலாம். குறைவாக இருந்தால் மட்டும் ஒரு வாரம் பொறுக்கலாம். தள்ளுபடியான தபால் வாக்குகளைவிட வித்தியாசம் குறைந்தால் அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையமே விதி வைத்திருக்கிறது. அதே நியாயம்தான் இதற்கும்.

"எப்போ போட்ட ஓட்டுன்னு எப்படித் தெரியும்?" இது நியாயமான கேள்வி. 2000-இல் அமெரிக்காவில் புளோரிடா இதில்தான் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் வாக்குகளுக்கு அங்கே 10 நாள் கூடுதல் அவகாசம் இருந்தது. அவற்றை எண்ணியதும் புஷ்ஷின் முன்னிலை 300-லிருந்து 930 ஆனது. தபால் முத்திரையே இல்லாத ராணுவக் கவர்களை ஒரு மாவட்டம் ஏற்றது, இன்னொன்று தள்ளியது. கடைசியில் 537 வாக்கில் ஒரு ஜனாதிபதி. விதியைத் தேர்தலுக்கு முன்னாடியே தெளிவாக எழுதி வைக்காததன் பலன் அது. நம்மிடம் சீட்டு இறக்கிய நேரம் கணினியில் இருக்கிறது. 13ஏ-வில் தேதி இருக்கிறது. ஸ்பீடு போஸ்ட் பார்கோடில் பதிவு செய்த நாள் இருக்கிறது. வாக்குப்பதிவு நாளுக்குள் தபாலில் சேர்ந்திருந்தால் எண்ணு, இல்லாவிட்டால் தள்ளு. இதில் என்ன குழப்பம்? அமெரிக்கா 2009-இல் சட்டம் போட்டு, 45 நாள் முன்னாடியே சீட்டு அனுப்பச் சொல்லிவிட்டது. இங்கே வாபஸ் முடிந்து 14 நாளிலேயே வாக்குப்பதிவு வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

2019-இல் பதிவு செய்த சர்வீஸ் வாக்காளர்கள், அதாவது படைவீரர் போன்றவர்கள், 18 லட்சம் பேர். திரும்பி வந்த சீட்டு 10 லட்சத்து 84 ஆயிரம். மீதிப் பேரில் போடாதவர்களும் உண்டு, போட்டும் வந்து சேராதவர்களும் உண்டு. "அனுப்பத் தெரியாதவன்" என்று அத்தனை பேரையும் ஒரே வாயில் திட்டிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அவமானம்!

படைவீரருக்காவது ஒரு கவர் இருக்கிறது. குவைத்தில் கட்டட வேலை பார்க்கும் நம்ம ஆளுக்கு அதுவும் கிடையாது. அங்கே தூதரகத்தில் வேலை செய்யும் அரசு ஊழியருக்குத் தபால் வாக்கு உண்டு. அதே ஊரில் வெயிலில் நிற்கிறவர் படிவம் 6ஏ போட்டுப் பெயர் சேர்த்தாலும், ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே வந்து நிற்க வேண்டும். டிக்கெட் காசு யார் தருவது? 2018-இல் இவர்களுக்குப் பதில் வேறொருவர் போடும் பதிலி வாக்குக்கு மக்களவை ஒப்புதல் தந்தது, மசோதா காலாவதி ஆனது. 2020 நவம்பரில் ஆணையம் தபால் வாக்குக்குத் தயார் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அவர்கள் அனுப்புகிற பணம் மட்டும் நமக்கு வேண்டும்.

54ஏ-வைத் திருத்த நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டால் போதும். 2016-இல் 23-ஆம் விதிக்குச் செய்தது அதுதான். உங்கள் எம்பி-யிடம் இதைக் கேளுங்கள். அந்த விவாதத்துக்கு வந்திருந்த மற்ற மூன்று பேரும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அவரவர் கட்சிக்காரர்களிடம் கேளுங்கள்.