விண்டோ பட்டனில் இருக்கிறது விஷயம்

அக்கா மகள் கோயமுத்தூரில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். லீவுக்குத் திருப்பூர் வந்தவள் கையில் டிஐ-84 பிளஸ், சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் கோடு வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர். யாரோ படித்து முடித்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைத் திரை மாடல். "மாமா, ஒரு கோடுதான் வருது, இன்னொன்னு வரவே மாட்டீங்குதுங்க" என்று பிரிண்டிங் பட்டறைக்கே வந்துவிட்டாள். கேசியோ 1985-லேயே கிராஃபிங் கால்குலேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. என் கைக்கு வர நாற்பது வருஷம்.

கணக்கு நான் கொடுத்ததுதான். பட்டறையின் சொந்த பிரிண்டிங் டேபிளில் அடித்தால் மாதம் 18,000 நிரந்தரச் செலவு, மேற்கொண்டு பீஸுக்கு 6 ரூபாய். வெளியே கொடுத்தால் பீஸுக்கு 15. எத்தனை பீஸ் ஓடினால் டேபிள் கட்டுபடியாகும்?

எக்ஸ் பீஸ் எண்ணிக்கை, ஒய் செலவு. ஒய் ஈக்வல் பட்டனில் 18,000 + 6எக்ஸ், 15எக்ஸ் என்று இரண்டு சமன்பாட்டையும் சரியாகத்தான் போட்டிருந்தாள். வகுப்பில் சொன்னபடி ஜூம் பட்டன், அப்புறம் 6. அங்கேதான் வினை. அது இரண்டு அச்சையும் -10 முதல் 10 வரைக்கும் வைத்துவிடும். நம்ம விடையோ 2,000 பீஸ், 30,000 ரூபாயில் உட்கார்ந்திருக்கிறது. காங்கயத்தில் இருக்கிற ஆளை இங்கே திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து "யாரும் இல்லீங்க" என்கிற கதை. 15எக்ஸ் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நடுவில் நின்றது.

திரை எந்த எண் முதல் எந்த எண் வரை காட்ட வேண்டும் என்று சொல்லுகிற இடம்தான் விண்டோ. அதில் எக்ஸ் 0 முதல் 3,000, ஒய் 0 முதல் 50,000 என்று மாற்றினோம். இரண்டு கோடும் வந்தன. அவை சந்திக்கும் இடத்தைக் கேட்க செகண்ட், டிரேஸ், 5, மூன்று முறை என்டர். 2,000.

மற்றதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். கழித்தலுக்கு ஒரு பட்டன், எதிர்க்குறிக்கு வேறு பட்டன். மாற்றி அழுத்தினால் சின்டாக்ஸ் எரர். டிகிரி மோடில் சைன் போட்டு ஜூம் 6 அடித்தால் அலை வராது, கிட்டத்தட்ட படுத்த கோடுதான் வரும்.

ஆனால் விண்டோவை யோசித்துத்தான் வைக்க வேண்டும். சொல்லித் தருகிறவர்கள் பட்டன் வரிசையைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நம்ம பத்தாவது வரைபடக் கணக்கில் தாளின் மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதினோமே, அதேதான் இது. அட்டவணையில் பெரிய எண் எது, சின்ன எண் எது என்று பார்க்காமல் புள்ளி வைத்தால் கோடு தாளை விட்டு ஓடிவிடும். தாளில் பத்துக் கோடு போட்ட பிள்ளைக்கு விண்டோ தானாக வரும். அதனால் தாள் முதலில், மெஷின் அப்புறம் என்பேன். அதற்காக மெஷினே வேண்டாம் என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 15 ரூபாயை 12 ஆக்கிப் பார்க்க, தாளில் மறுபடி கோடு போட வேண்டும்.

12 போட்டோம். கோடுகள் சந்திக்கும் இடம் 3,000-க்கு, திரையின் ஓரத்துக்கே போய்விட்டது.

"பத்து ரூபாய்க்கு அடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் வந்தா, கண்ணு?" என்றேன். 15-ஐ 12 ஆக்கியது போல உடனே எண்ணை மாற்றவில்லை. கொஞ்சம் யோசித்தாள். முதலில் விண்டோவைத் திறந்து எக்ஸின் மேல் எல்லையான எக்ஸ்மேக்ஸை 6,000 ஆக்கினாள்.