மூன்று டீஸ்பூன் கணக்கு

ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் எண்ணெய். கப்பலின் எஞ்சின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரைக் கடலில் விடுவதற்கு, மார்போல் என்ற சர்வதேசக் கடல் மாசுத் தடுப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் உச்சவரம்பு ஏறக்குறைய இவ்வளவுதான். 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) என்று சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை, அதனால்தான் டீஸ்பூன். அப்போதும் கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தண்ணீர், எண்ணெயைப் பிரித்தெடுக்கும் செபரேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அன்டார்டிகா பக்கம் என்றால் துளிகூடக் கூடாது.

"நடுக்கடலில் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை" என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கிறது. கேட்க ஆள் உண்டு. விதி உண்டு, மார்போலில் எண்ணெய்க்கான முதல் இணைப்பு 1983 அக்டோபரிலிருந்தே அமலில் இருக்கிறது. கருவியும் உண்டு. ஓட்டை இருப்பது கரையில், பில் போடும் மேஜையில் என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன் எஞ்சின் ரூமுக்குள் ஒரு நடை போய் வரலாம்.

பம்ப் கிளாண்டில் சொட்டும் கடல்நீர், கூலர் கசிவு, தளம் கழுவிய தண்ணீர், எங்கோ கசிந்த லூப் ஆயில் (மசகெண்ணெய்) எல்லாம் பில்ஜ் கிணற்றில் சேர்ந்து, அங்கிருந்து ஹோல்டிங் டேங்குக்குப் போகும். அதைச் சூடாக்கி, அசையாமல் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அடியில் நிற்கும் தண்ணீரைத்தான் செபரேட்டருக்குக் கொடுக்க வேண்டும். செபரேட்டரை முதலில் சுத்தத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத் தொடங்க வேண்டும். எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே ஏறும். மிச்சத்தைப் பின்னால் இருக்கும் ஃபில்டர் பிடிக்கும். வெளியேறும் தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் என்று மீட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். 15ஐத் தாண்டினால் மூவழி வால்வு திரும்பித் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் பில்ஜ் டேங்குக்கே அனுப்ப வேண்டும். 2005க்குப் பின் பொருத்திய கருவிகளில் இந்தத் திருப்பத்துக்குக் கெடு 20 விநாடி. அலாரம் அடித்த தேதி, நேரம் எல்லாம் 18 மாதத்துக்கு மீட்டரிலேயே பதிவாகி இருக்கும்.

சொல்லும்போது சுலபம்தான். உண்மையில் எது கெடுக்கிறது? பெரும்பாலும் சோப்பு. எஞ்சின் ரூம் தளத்தைக் கண்ட டிகிரீசரைப் போட்டுத் தேய்த்தால் எண்ணெயும் தண்ணீரும் மோர் மாதிரி கலந்துவிடும். அந்த வெள்ளைத் தண்ணீர் டேங்கில் எத்தனை நாள் நின்றாலும் பிரியாது. வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூகல் பம்பில் ஊட்டினாலும் இதே கதி, மத்தில் கடைந்த மாதிரி. புகையின் சூட்டைப் பயன்படுத்தும் எகனாமைசரைக் கழுவிய கரித் தண்ணீரை பில்ஜில் விட்டால் ஃபில்டர் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். பழைய குழாயின் துருவும் சேர்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம். மீட்டர் ஒளிச்சிதறலை வைத்து அளப்பதால் துருத்தூளையும் எண்ணெய் என்று எண்ணி அலாரம் அடிக்கும். எண்ணெயே இல்லாமல் அலாரம், டேங்கோ நிறைந்துகொண்டே போகிறது, ஸ்பேர் ஃபில்டர் வரவில்லை. மேஜிக் பைப் பிறப்பது இந்த இடத்தில்தான்.

மேஜிக் பைப்பில் மாயம் ஒன்றுமில்லை. செபரேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு துண்டுக் குழாய், இரண்டு ஃபிளேஞ்ச் (குழாயை இணைக்கும் வளையத் தகடு), எட்டு போல்ட். துறைமுகம் நெருங்கும்போது கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். ஆனால் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருக்கும். சுற்றிலும் தூசி படிந்திருக்க அந்த ஃபிளேஞ்ச் மட்டும் பளிச்சென்று நிற்கும். சோதனைக்கு வருபவர் முதலில் டார்ச் அடிப்பது அங்கேதான். அடுத்து, கடலுக்குப் போகும் ஓவர்போர்டு குழாயைக் கழற்றச் சொல்லி, எண்ணெய் ஒட்டுகிறதா என்று உள்ளே விரலை விடுவார்.

கரீபியன் பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பலின் வழக்கைப் படித்துப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கரையிலிருந்து 23 மைல் தள்ளி 4,227 காலன், அதாவது சுமார் 16,000 லிட்டர் எண்ணெய்த் தண்ணீர் மேஜிக் பைப் வழியாகக் கடலுக்குப் போனது. புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர்தான் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னார். செபரேட்டர் ஓடும்போது கடல்நீர் வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீரை நீர்த்துப்போகச் செய்து மீட்டரை ஏமாற்றிய கதையும் அந்த விசாரணையில் வெளிவந்தது. 2016இல் கப்பல் நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

அமெரிக்கா இத்தகைய வழக்கு போடும் விதம் சுவாரஸ்யமானது. வெளிநாட்டுக் கப்பல் திறந்த கடலில் கொட்டியதற்கு அவர்களால் நேரடியாக வழக்குப் போட முடியாது. எண்ணெய்க் கணக்கு எழுதும் ஆயில் ரெக்கார்டு புக்கில் பொய் எழுதி, அதை அமெரிக்கத் துறைமுகத்தில் நீட்டினீர்கள் அல்லவா, குற்றம் அதுதான். தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்கவும் அவர்கள் சட்டத்தில் இடமுண்டு. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் இன்ஜினியர். மாட்டுவதும் பெரும்பாலும் அவர்தான்.

புத்தகப் பொய்யைப் பிடிக்க பெரிய வித்தை தேவையில்லை. ஹெவி ஃபியூவலை பியூரிஃபையரில் சுத்தம் செய்தால் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் ஸ்லட்ஜ், அதாவது எண்ணெய்ச் சகதி வரும் என்றுதான் டேங்க் வடிவமைப்பிலேயே கணக்கு. நாளுக்கு 40 டன் எரிக்கும் கப்பல் இருபது நாள் ஓடினால் 8 முதல் 12 டன் ஸ்லட்ஜ். கழிவை எரிக்கும் இன்சினரேட்டரில் எரித்த கணக்கு, கரையில் கொடுத்த ரசீது, டேங்கில் மிச்சம் மூன்றையும் கூட்டினால் அதற்குக் கிட்டே வர வேண்டும். வாராவாரம் டேங்க் அளவு ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் சந்தேகம்தான். இன்சினரேட்டர் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியதைவிட அதிகம் எரித்ததாக எழுதியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுப்படிக் கழிவுக்கு விதி எளிது. பிளாஸ்டிக் உலகின் எந்தக் கடலிலும் கூடாது. சாப்பாட்டுக் கழிவை, பொதுவாக, 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி அரைத்தால் 3 கடல்மைலுக்கு அப்பால் விடலாம், அரைக்காவிட்டால் 12. சமையல் எண்ணெய், இன்சினரேட்டர் சாம்பல் இரண்டுக்கும் 2013இலிருந்து தடை. தவறு நடப்பது கலப்பில். எலும்பும் சோறும் இருக்கும் வாளியில் ஒரு கெட்சப் பாக்கெட் விழுந்தால் கடுமையான விதிதான் மொத்தத்துக்கும் பொருந்தும். வாளியே பிளாஸ்டிக் கணக்கு. மெஸ்ஸில் தனித்தனி டப்பா வைத்தால் தீர்ந்தது.

சரி, கரைக்கு வருவோம். டேங்க் நிறைந்துவிட்டது, கழிவைக் கரையில் கொடுக்க என்ன செலவு என்று சீஃப் இன்ஜினியர் துறைமுக ஏஜென்டிடம் கேட்கிறார். லாரிக்கு, பார்ஜுக்கு, கன மீட்டருக்கு என்று தனித்தனியாக விலை வருகிறது. கப்பல் நிற்பதோ சில மணி நேரம். கம்பெனி ஆபீஸிலிருந்து "அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில். அடுத்த துறைமுகத்திலும் அதே பதில். யாரும் கொட்டச் சொல்லவில்லை. டேங்க் மட்டும் நிறைந்திருக்கிறது. கொடுத்தால் செலவு, கொடுக்காவிட்டால் லாபம் என்று விலையை அமைத்துவிட்டு, ஃபோர்த் இன்ஜினியரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் இதைத் திருப்பிப் போட்டன. கழிவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்திலேயே அதன் செலவைச் சேர்த்து வாங்குவது அவர்கள் ஏற்ற முறை. எஞ்சின் ரூம் எண்ணெய்க் கழிவும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் குப்பைக்கு இதையே சட்டமாக்கியது. காசு ஏற்கெனவே போய்விட்டது, அப்புறம் ஏன் டேங்கில் சுமக்க வேண்டும்? ஆபீஸே போன் போட்டு "கொடுத்துட்டீங்களா?" என்று கேட்கும்.

இந்த முறையால் அடிக்கடி வராத சின்னக் கப்பல்களும் சுமை தாங்க வேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும், டன்னேஜ், அதாவது கப்பலின் அளவு பார்த்துக் கட்டணத்தை வையுங்கள். எண்ணூரோ தூத்துக்குடியோ, வரும் ஒவ்வொரு கப்பலிடமும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அதன் பிறகும் நிறைந்த ஸ்லட்ஜ் டேங்கோடு கிளம்பும் கப்பல் இருந்தால், அதை நிறுத்திவைத்து இன்ஜினியரை விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போன் போடுங்கள்.