பனங்காட்டில் எதற்கய்யா கணப்பு?

தமிழில் ஃபேன்டசி எழுதுகிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன். ஊர்ப் பெயர் தமிழ், நாயகன் பெயர் தமிழ், ஊரைச் சுற்றிப் பனங்காடு. நன்றாகத்தான் போகிறது என்று படித்துக்கொண்டே வந்தால், அவன் ஒரு மதுவிடுதிக்குள் நுழைகிறான். உள்ளே கணப்பில் விறகு எரிகிறது! மூலையில் ஓக் மரப் பீப்பாய், மேசையில் ரொட்டியும் சூப்பும். பனை வளர்கிற வெயிலில் எவனுக்கய்யா அங்கே குளிர்கிறது?

ஒரு கதை என்றால் விட்டுத் தொலைக்கலாம். போனைத் திறந்தால் தினமும் இதேதான், கதையிலும் கேமிலும். அப்பா பீப்பாயைத் திறப்பார், மகள் கோப்பைகளைத் தூக்கி வருவாள், குடும்பமாக நடத்தும் விடுதியாம். கேட்டால் "ஃபேன்டசின்னா அதுதான் லுக்" என்கிறார்கள். எவன் போட்ட சட்டம் அது?

நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மார்ச் மாதம் 40 டிகிரி தொடுகிற ஊர். எங்கள் தென்னைகளில் இறக்கும் கள்தான் வண்டியேறிக் கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, உள்ளே மர பெஞ்சு. கொடம்புளி போட்ட மீன் கறி அடுப்பில் கொதிக்கும்போது வாசம் ரோட்டுக்கே வரும். அண்ணன் ஊற்றிக் கொடுக்க, அக்கா கப்பைக் கிழங்கை மசித்துக்கொண்டே குரல் கொடுப்பார்: "இளங்கள்ளு தீந்துருச்சுங்க அண்ணா, மூத்ததுதானுங்க இருக்குது."

அந்த ஒரு வரிக்குள் எத்தனை கதை இருக்கிறது! கள் காத்திருக்காது. காலையில் இறக்கியது இனிக்கும், வெயில் ஏற ஏற நுரைக்கும், சாயங்காலம் புளிக்கும், விட்டுவைத்தால் காடியாகிவிடும். ஆக, "தாத்தா காலத்துப் பழைய சரக்கு" என்ற பேச்சே அந்தக் கடையில் எடுபடாது. நடுராத்திரி வந்து கதவைத் தட்டும் வழிப்போக்கனுக்கு என்ன கிடைக்கும்? மரமேறிக்குக் காய்ச்சல் வந்தால் கடை என்ன ஆகும்? எவனோ ரகசியமாகக் கலயத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டான், விடிந்து பார்த்தால் ஊரே திருவிழாவுக்குக் காத்திருக்க, வந்தது புளிக்காத பதநீர்! இதையெல்லாம் விட்டுவிட்டு, பார்த்தே இராத ஓக் பீப்பாயைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?

பழசுதான் வேண்டும் என்றால் பட்டினப்பாலையைப் புரட்டுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடை வாசலில் கொடி பறக்கிறது. மீனும் இறைச்சியும் பொரியும் சத்தம் கேட்கிறது. முற்றத்தில் மணல் பரப்பிப் பூச் சிதறியிருக்கிறார்கள். திருமுருகாற்றுப்படையில் மலை வேடர்கள் மூங்கிலில் விளைந்த தேன் கள்ளைச் சுற்றத்தோடு குடிக்கிறார்கள். மூங்கில் குழாயில் ஊறும் கள்! இதைவிட மாயமாக எந்த வெளிநாட்டுக்காரன் உங்களுக்குத் தந்துவிட்டான்?

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பொள்ளாச்சியில் அதற்கப்புறம் பிறந்த பையன் கள்ளுக்கடையை எங்கே பார்த்திருப்பான்? அவனுக்குத் தெரிந்தது டாஸ்மாக் கம்பி ஜன்னல், இல்லாவிட்டால் கேமில் வரும் கணப்பு. இரண்டு தலைமுறை அந்த வாசத்தையே மறந்துபோனது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆனால் தடை கள் இறக்கத்தானே, எழுதுவதற்கா?

பொள்ளாச்சியிலிருந்து எல்லையோரக் கோபாலபுரத்துக்கு பஸ் ஓடுகிறது. எல்லையைத் தாண்டி வாருங்கள். குடிக்கக்கூட வேண்டாம். ஒரு மத்தியானம் அந்த பெஞ்சில் உட்காருங்கள், பாளை சீவிவிட்டு இறங்கும் மரமேறியிடம் நாலு கேள்வி கேளுங்கள். அப்புறம் போய் எழுதுங்கள் உங்கள் மதுவிடுதியை.