சர்வோவுக்குத் தனி சப்ளை கொடுங்கள்

ரோபோ கைக்கான வயரிங் படங்களில் இன்னும் எத்தனை நாளைக்குத்தான் சர்வோவின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) சிவப்பு மின்சப்ளை வயரை நேராக அர்டுயினோ கட்டுப்பாட்டு போர்டின் 5 வோல்ட் பின்னில் செருகிக் காட்டுவார்கள்? பார்த்தாலே வயிறு எரிகிறது. அர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ போர்டில் யூஎஸ்பி வழியாக எடுக்கக்கூடியதே 500 மில்லிஆம்பியர்தான். எம்ஜி996ஆர் சர்வோ ஒன்று சுமையில் சிக்கி நின்றால் 2 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், கை வெடவெடவென்று நடுங்கும். புதிதாகக் கற்பவர், பாவம், கோடில்தான் பிழை என்று நினைத்து இரவெல்லாம் வரி வரியாகத் தேடுவார். பிழை அங்கே இல்லவே இல்லை!

இப்படி நான்கு சர்வோ இருந்தால் 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் தனி சப்ளை வேண்டும். அதன் கிரவுண்டையும் (மைனஸ் முனை) போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை விட்டால் சிக்னலுக்கு ஆதாரமே இருக்காது, சர்வோ கண்டபடி ஆடும். மின்னழுத்தம் திடீரென்று சரியாமல் தாங்க, சப்ளையின் பிளஸ், மைனஸ் முனைகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் துருவம் பார்த்து இணையுங்கள்.

இன்னொன்று, கோடில் அட்டாச் (சர்வோவைப் பின்னோடு இணைக்கும் கட்டளை) செய்தவுடன் கை 90 டிகிரிக்குப் பாய்ந்து எதையாவது இடிப்பது. கை ஓய்வில் நிற்கும் கோணத்தை அட்டாச்சுக்கு முன்பே ரைட் (கோணத்தைச் சொல்லும் கட்டளை) செய்தால் போதும். ஒரே வரி. அதைக்கூட ஏன் சொல்லித் தருவதில்லை?